வழித்துக் கொட்டிய பனிக்கு மேலே

எங்கள் கராஜில் ஒரு ஸ்னோமொபைல் ஏழு வருடமாகக் கிடந்தது. பனிக்கு மேல் ஓடுகிற மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டை, பின்னுக்குச் சில்லுக்குப் பதிலாக ஒரு றப்பர்ப் பட்டி. எங்கள் வீட்டில் அதற்கு வேறு உத்தியோகம் கிடைத்திருந்தது. அதில் ஆள் குந்துகிற சீற்றில் சிவப்பரிசி மூட்டைகளை அடுக்கியிருந்தோம். பனி கொட்டுகிற இந்த நாட்டில், மில்லிக்கன் பக்கம் வீடு வாங்குகிற எங்கள் தமிழ் ஆட்கள் கராஜுக்குள் கார் விடுவதில்லை. கார் வெளியே பனியில் கிடந்து துருப்பிடிக்கும். அரிசியும் மிளகாய்த்தூளும் பிள்ளைகளின் பழைய சைக்கிள்களும் உள்ளே சுகமாக இருக்கும்.

அதை வாங்கியவர் என் மனுசன். அவர் ஆயுள் காப்புறுதி விற்கிறவர். வேறு மாகாணத்துக்குப் போன ஒருவர் மலிவாகக் கொடுக்க, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வந்த கையோடு அதை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பூசையும் செய்வித்தார். ஐயர் பாவம். சில்லுக்கு அடியில் வைக்கவேண்டிய தேசிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை இரண்டு தரம் சுற்றி வந்தார். கடைசியில் சறுக்குக் கட்டைகளுக்கு முன்னால் வைத்தார். நாலு பேர் தள்ளினார்கள். தேசிக்காய் நசியாமல் உருண்டு ஓடிவிட்டது.

அந்த மாரிப் பனிக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, நான் வேலைக்குப் போயிருந்த நேரம், அவர் தனியே போய் அதை ஓடிப் பார்த்தார். என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரி ஒருத்திக்கு வடக்கே ஒரு மணித்தியாலத் தூரத்தில் காணி இருக்கிறது. அங்கேதான். திரும்பி வந்து, "எஞ்சின் சரியில்லை" என்றார். அதோடு சரி. ஒவ்வொரு வருடமும் நான் கேட்பேன். ஒவ்வொரு வருடமும் எஞ்சின் சரியில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நானும் ஒவ்வொரு வருடமும் சொல்லிவிட்டு அரிசி அளக்கப் போய்விடுவேன்.

எனக்கு அந்த வண்டியில் ஆசை வந்ததற்குக் காரணம் உண்டு. மல்வேர்னில் வாடகைக்கு இருந்த காலத்தில் விடியற்காலை ஷிஃப்டுக்கு பஸ் பிடிக்க முழங்கால் அளவு பனிக்குள் நின்றிருக்கிறேன். வீடு வாங்கின பிறகு, வாசலில் கார் நிற்கிற ட்ரைவ்வேயின் பனி முழுக்க என் தலையில். மனுசனுக்கு முதுகு நோ. நோ வருவது பனி கொட்டுகிற நாட்களில் மட்டும். ஆக, முப்பது வருடமாக நான் இந்த நாட்டுப் பனியை வழித்துக் கொட்டியிருக்கிறேன். ஒருக்கா அதுக்கு மேலே ஏறி ஓடவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

போன மாரியில் அந்த வெறிக்கு நாள் குறித்தாயிற்று. எனக்கு முழங்கால் மாற்றுகிற ஒப்பரேஷன், மார்ச் முதல் கிழமை. "பிறகு நல்லா நடக்கலாம், படி ஏறலாம். உந்த மாதிரிச் சேட்டையெல்லாம் மறந்துபோங்கோ" என்று, நான் வண்டி ஆசையைச் சொன்னதும், எங்கள் டொக்டர் சொல்லிவிட்டார். பெப்ரவரியில் மிச்சமிருந்தது இரண்டு சனிக்கிழமை. பனியும் கரையத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து மேலங்கியைக் கழற்றாமலே, "இஞ்சேரப்பா, நான் உந்த வண்டியைத் திருத்தப்போறன்" என்றேன்.

"சும்மா கிடக்கிற சங்கை ஏனப்பா ஊதிக் கெடுக்கிறாய்?"

"ஏழு வருசமா ஊதாமலே கெட்டுத்தானே கிடக்குது."

நான் இருபத்து மூன்று வருடம் கார்ச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் நின்றவள். ஆணி கழற்றத் தெரியும், கையில் கிறீஸ் பட்டால் மயக்கம் போடமாட்டேன். அடுத்த நாள் காலையில் கராஜ் கதவைத் திறந்து, மூட்டைகளை இறக்கி, முதலில் பழைய பெற்றோலை உறிஞ்சி எடுத்தேன். தேத்தண்ணி நிறத்தில், வார்னிஷ் நாற்றத்தோடு வந்தது. பிறகு காற்று போகிற பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே எலிக் குடும்பம் ஒன்று குடியிருந்து, நல்லாய்ச் சாப்பிட்டு, வீட்டை விட்டுவிட்டுப் போயிருந்தது. பஞ்சும் கடதாசியும் போட்ட மெத்தை. சுற்றிவர எங்கள் சிவப்பரிசி, குறைந்தது இரண்டு சுண்டு. அரிசியை எஞ்சினுக்கு மேலே அடுக்கி வைத்தால் எலி வேறு என்ன செய்யும்? எங்களைத் தவிர வேறு எவருடைய ஸ்னோமொபைலுக்கும் இந்த வியாதி வந்திராது.

அள்ளிக் கொட்டிவிட்டு எஞ்சின் பக்கம் குனிந்தேன். எஞ்சினுக்கு நெருப்புப் பொறி கொடுக்கிற பிளக் இரண்டையும் காணவில்லை, அவற்றின் வயர்கள் அந்தரத்தில் தொங்கின. பிளக் இருக்கவேண்டிய இரண்டு ஓட்டைகளிலும் துணி அடைத்திருந்தது. இழுத்துப் பார்த்தேன். பச்சைக் கரை போட்ட வேட்டித் துண்டு.

எலி அரிசி திருடும். வயரைக் கடிக்கும். ஆனால் எலி பிளக் கழற்றாது, வேட்டியும் கட்டாது.

அந்தத் துணியோடு குசினிக்குள் போனேன். மனுசன் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றார். துணியை அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாமியறைக்குள் போய், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கைவிட்டு, கடதாசியில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். பிரித்தால் இரண்டு பிளக்கும் உள்ளே கிடந்தன. ஏழு வருடமாக நான் விளக்கேற்றி, பூ வைத்து, பிள்ளைகளின் சோதனைக்கெல்லாம் நேர்ந்து கும்பிட்டது இந்த இரண்டு பிளக்கையும் சேர்த்துத்தான்.

"நான்தான் கழட்டினனான்" என்றார்.

"அது தெரியுது. ஏன்?"

"அண்டைக்கு விழுந்தனான். பள்ளம் ஒண்டு தெரியேல்லை. வண்டி கவிண்டு காலுக்கு மேலை கிடந்துது. அரை மணித்தியாலம் கத்தினன், ஒருத்தரும் வரேல்லை. பிறகு ஒரு மாதிரிக் காலை இழுத்து எடுத்தனான்."

"என்னட்டைச் சொல்லேல்லை."

"சொன்னா நீ சிரிப்பாய். சிரிச்சுப்போட்டு நீ ஏறுவாய். நீ என்ன வேகத்தில ஓடுவாய் எண்டு எனக்குத் தெரியாதே? உனக்கு ஏதும் நடந்தா நான் என்னப்பா செய்யிறது?"

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் "நாளைக்கு உங்களுக்கு ஏதும் நடந்தா" என்று சொல்லியே பொலிசி விற்ற மனுசன். அதே வசனத்தை எனக்குச் சொல்லும்போது கோப்பைக்குள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு இரக்கம் வந்ததுதான், மறைக்கவில்லை. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது.

"உங்கடை பயத்துக்கு நீங்கள் உங்கடை காலைக் கட்டிவைக்கவேணும். என்ரை காலை ஏன் கட்டினனீங்கள்? ஏழு வருசம். அப்ப என்ரை முழங்கால் நல்லாயிருந்தது."

அவர் பிளக் இரண்டையும் என் பக்கம் தள்ளிவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தார்.

மிச்ச வேலைக்கு ஐந்து நாள் பிடித்தது. காபரேற்றரைக் கழற்றி, பிசின் மாதிரி ஒட்டியிருந்த பழைய பெற்றோலைக் கழுவினேன். புது பற்றறி வாங்கினேன். வேட்டித் துண்டின் புண்ணியத்தில் எஞ்சினுக்குள்ளே துரு இல்லை. அதை மட்டும் அவரிடம் சொன்னேன், சொல்லாமல் விடுவது நியாயமில்லை. சாமியறைப் பிளக்குகளை எறிந்துவிட்டுப் புதியது பூட்டினேன். வியாழக்கிழமை பின்னேரம் கராஜ் கதவை அகலத் திறந்து வைத்துக் கயிற்றை இழுத்தேன். பத்துத் தரம் இழுத்தும் ஒரு அசுகை இல்லை. பதினோராம் தரம் இருமிக்கொண்டு நீலப் புகை கக்கி எழும்பியது. முன்வீட்டுச் சீனத்து மனுசி ஜன்னலைச் சாத்தினாள்.

சனிக்கிழமை வடக்கே போனோம். ட்ரெயிலரை அவர்தான் இழுத்தார். காணிக்காரி, என்னோடு வேலை செய்த அந்த வெள்ளைக்காரி, வேலியைத் திறந்துவிட்டு, பள்ளம் இருக்கிற மூலையைக் காட்டிவிட்டு வேலியடியில் நின்றாள். ஹெல்மெற் போடுவதற்குக் கொண்டையை அவிழ்க்க வேண்டியிருந்தது. மனுசன் என் ஹெல்மெற் பட்டியை இறுக்கினார், தளர்த்தினார், திரும்பவும் இறுக்கினார்.

"இறுக்கினது காணும், விடுங்கோ" என்றுவிட்டு வண்டியைக் கிளப்பி ஓடினேன்.

எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். முப்பது வருடம் என்னைச் சறுக்கி விழுத்திய சனியன், அன்றைக்கு எனக்குக் கீழே கிடந்து வழிவிட்டது. வாய் நிறையக் கத்தினேன். அந்த இரைச்சலுக்குள் என்ன கத்தினேன் என்று எனக்கே கேட்கவில்லை. காணியின் கடைசியில், மரங்களுக்கு அந்தப் பக்கம், எஞ்சினை நிற்பாட்டினேன். முழங்கால் கொஞ்சம் நொந்தது. காலை நீட்டிக்கொண்டு சீற்றில் சும்மா இருந்தேன். ஒரு பத்து நிமிடம் இருந்திருப்பேன். சந்தோசமாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

திரும்பலாம் என்று பார்த்தால், மரங்களுக்கு நடுவால் என் மனுசன் வருகிறார். நடக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. ஒவ்வொரு எட்டுக்கும் தொடை வரை புதைந்து, கையை ஊன்றி எழும்பி, திரும்பப் புதைந்து. தொப்பி இல்லை. காலில் கோயிலுக்குப் போடுகிற சாதாரணச் சப்பாத்து. ஒன்று காலில் இல்லவேயில்லை, எங்கோ பனிக்குள் கழன்றுவிட்டது. நான் சீற்றில் குந்தியிருக்கிறதைக் கண்டு அப்படியே நின்றார். மூச்சு வாங்கியது.

"சத்தம் நிண்டிட்டுது" என்றார். "நான் நினைச்சன்..."

அத்தனை நாளாக அவருக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த பேச்சுகளில் ஒன்றும் என் வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது. நல்ல காலம், ஹெல்மெற் இருந்தது.

"பின்னுக்கு ஏறுங்கோ" என்றேன்.

ஏறினார். முப்பத்து நான்கு வருடத்தில் கோயிலிலோ கலியாண வீட்டிலோ ரோட்டிலோ, நாலு பேர் பார்க்கிற இடத்தில் என் கையைக்கூடத் தொடாத மனுசன், காணிக்காரி வேலியடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கையாலும் என் இடுப்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். வேலிக்கு வந்து எஞ்சினை நிற்பாட்டின பிறகும் கையை எடுக்கவில்லை.