டேக் பிரிக்காத ஃப்ராக்குகள்

போன வாரம் பரணிலிருந்து பழைய சூட்கேஸை இறக்கினோம். மகள் ஜெனிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, அவளுக்குப் பெட்டி வேண்டியிருந்தது. திறந்ததும் பாச்சை உருண்டை வாசனையோடு புதுப் பனியன் துணியின் வாசனையும் வந்தது. திருப்பூர்க்காரர்களுக்கு அந்த வாசனையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்க என்னால் ஆகாது. உள்ளே சின்னச் சின்ன ஃப்ராக்குகள். ஜெனி ஒன்றை உதறி விரித்தாள்.

"இதெல்லாம் யாரோடதும்மா? டேக்கூடப் பிரிக்கல."

உன்னுடையதுதான் என்றேன். அவள் நம்பவில்லை. நம்பும்படியாகச் சொல்ல முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நாங்கள் தெற்கத்திக்காரர்கள், பிழைக்க வந்து திருப்பூர் வேலம்பாளையத்தில் லைன் வீடொன்றில் குடியிருந்தோம். என் கணவர் அந்தோணி, குழந்தை உடுப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். நான் மெட்ரிக் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். புத்தாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பங்குக் கோயிலுக்கு வந்திருந்த ஒரு சிஸ்டர், இத்தாலியின் தெற்கே கடலோரச் சிற்றூரில் தங்கள் சபை நடத்தும் பள்ளிக்கு இரண்டு வருடத்துக்கு இங்கிலீஷ் டீச்சர் வேண்டும் என்றார். சொந்த வீடு, பிள்ளையின் படிப்பு என்று நான் காரணங்களை அடுக்கினேன். எல்லாம் நிஜம்தான். ஆனால் எனக்குப் போக ஆசையாக இருந்தது, அதுவும் நிஜம். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவள் ஆசை என்று சொல்லக் கூச்சப்பட்டதால் காரணங்களை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நின்றேன். அந்தோணிக்கு அது தெரியாமலா இருந்திருக்கும். போய்ட்டு வா என்றார்.

ஜெனிக்கு அப்போது மூன்று வயது. எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. அதை அவரிடம் சொன்னேன்.

"அவ என்னை மறந்துருவா."

நான் கிளம்புகிற அன்று, கட்டிங்கில் மிஞ்சிய துணியில் தைத்த இரண்டு மஞ்சள் ஃப்ராக்குகளைக் கொண்டுவந்தார். இரண்டும் ஒரே அளவு, ஒரே தையல். ஒன்றை ஜெனிக்குப் போட்டுவிட்டு, மற்றதில் டேக் கட்டி என் பெட்டியில் வைத்தார்.

கம்பெனி வழக்கம் அது. சாம்பிள் ஒன்று கடல் கடந்து, சரக்கு வாங்கும் பையருக்குப் போகும்போது, அதே மாதிரி இன்னொன்றைத் தைத்து இங்கே வைத்துக்கொள்வார்கள். கவுன்டர் பீஸ் என்று பெயர். கழுத்து இறுக்கம், கை நீளம் என்று அங்கிருந்து ஏதாவது கேட்டால், இங்கே தங்கள் பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு பேசுவார்கள். ஆளைப் பார்க்காமலே பேச்சு நடக்கும்.

அந்த ஊரைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. எலுமிச்சைத் தோட்டத்துக்குள் பள்ளி. பிள்ளைகள் சட்டைக்கு மேலே நீல அங்கி போட்டு வருவார்கள். இங்கிலீஷ் சொல்லித்தர இந்தியாவிலிருந்து ஒருத்தியா என்று பெற்றோர் சிலர் வந்து எட்டிப் பார்த்தார்கள். என் இங்கிலீஷில் தாமிரபரணித் தண்ணீர் ஓடியதை அவர்கள் கண்டுகொள்ளவில்லை, நல்லவேளை. முதல் மாதம் ஒரு சிறுமியின் காலரைத் திருப்பி எந்த ஊர்ச் சரக்கென்று பார்த்தேன். அவள் பயந்து அழுதுவிட்டாள். அதன்பின் கையைக் கட்டிக்கொண்டேதான் பாடம் நடத்தினேன்.

ஜெனி வளர வளர அந்தோணி இரண்டிரண்டாகத் தைத்தார். பையருக்கு சாம்பிள் கொண்டுபோகிறவர்கள் மூலமாகவும் சிஸ்டர்கள் மூலமாகவும் ஒன்று எனக்கு வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஃபோன் கடைக்குப் போவேன். எங்கள் வீட்டில் ஃபோன் இல்லை. ஜெனியைப் பகலில் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு சரசக்காவின் நம்பருக்குத்தான் கூப்பிடுவேன். ஜெனி ஃபோனைக் கண்டாலே ஓடிவிடுவாள். அந்தோணி பேசுவார்.

"பீஸைக் கையில எடுத்துக்க. தோளைப் பிடிச்சுத் தூக்கு. கீழ ஓரம் தெரியுதா? அவளுக்கு அது முட்டிக்கு மேல நிக்கு."

கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று காலி ஃப்ராக் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன். கடைக்காரர் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் திரும்பிக்கொள்வார். இரண்டு வருடமும் என் மகளின் உயரம், தோள், மார்பு எதுவும் எனக்குத் தெரியாமல் போனதில்லை.

திரும்பி வந்த அன்று, கடைசியாக வந்த சிவப்பு ஃப்ராக்கைக் கைப்பையில் வைத்திருந்தேன். நான் அடையாளம் தெரிந்துகொள்ளட்டும் என்று அதன் ஜோடியைத்தான் ஜெனிக்குப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். சரசக்காவின் சேலைக்குப் பின்னால் நின்றாள். "அம்மா வந்துட்டாங்க பாரு கண்ணு, போ சாமி" என்று சரசக்கா முன்னால் தள்ளினார்.

அளவு துளி மாறவில்லை. ஆனால் அவள் ஃப்ராக் வெளுத்திருந்தது. மார்பில் மாம்பழக் கறை. ஒரு பட்டன் போய், யாரோ பச்சைப் பட்டன் வைத்துத் தைத்திருந்தார்கள். முழங்கையருகே கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. இவற்றில் ஒன்றுகூட என் பீஸில் இல்லை. எப்போது கிழிந்தது, விழுந்தாளா, யார் தூக்கினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சரசக்கா வீட்டுப் பேச்சு அவளுக்கு அப்படியே ஒட்டியிருந்தது.

"நீங்க எங்கூட்டுலயேதான் இருப்பீங்களா?"

இருப்பேன் என்றேன். இருந்தேன். அவள் அம்மா என்று கூப்பிட ஒரு மழைக்காலம் ஆனது.

அந்தோணி வேலை பார்த்த சாம்பிள் ரூம் இப்போது இல்லை, கம்பெனியை மூடி வருடங்கள் ஆகின்றன. லைன் வீட்டை இடித்துவிட்டார்கள். சரசக்கா குண்டடம் பக்கம் மகனோடு போய்விட்டார். ஜெனி போட்டுப் பழசாக்கிய ஃப்ராக்குகள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போயின. பிறகு மிஷின் எண்ணெய் துடைக்கிற துணியாகி எங்கோ தீர்ந்தன.

நேற்று சூட்கேஸைத் துடைத்து அவளிடம் கொடுத்துவிட்டு, ஃப்ராக்குகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். பாச்சை உருண்டை, புதுத் துணி, அவ்வளவுதான். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை என் மகளின் அளவெல்லாம் என்னிடம் இருக்கிறது. அவள் உடம்பு பட்ட துணி ஒன்றுகூட இல்லை.