தூளியில் வந்த குருத்தோலை

இதைச் சொன்னால் சிரிப்பீர்கள் என்று தெரியும். பேய், சகுனம், கண்ணேறு எதையும் நான் நம்பியதில்லை. பாப்பாவுக்கு மைகூட, அதில் ஈயம் இருக்குமோ என்று பயந்து வைக்காதவள். கோயிலுக்குப் போவேன், ஜெபமாலை சொல்வேன், அதோடு சரி.

பாப்பா வயிற்றில் இருந்தபோது வந்த குருத்தோலை ஞாயிறன்று ஒரு சிலுவை மடித்தேன். எனக்கு மடிக்க வராது, ஒரு கை குட்டையாகிவிட்டது, முடிச்சும் நிற்கவில்லை, போட்டிருந்த நீலத் துப்பட்டாவின் ஓரத்தில் நூல் உருவிக் கட்டினேன். அது கட்டில் தலைமாட்டில் காய்ந்து பழுப்பானது. அடுத்த திருநீற்றுப் புதனுக்கு முன்னால் அதை, எல்லா வீட்டு ஓலைகளையும் போல எரித்துச் சாம்பலாக்க என் கணவர் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தச் சாம்பலைத்தான் நெற்றியில் பூசிக்கொண்டேன்.

அந்த வருஷம் பாஸ்காவுக்கு, அதுதான் ஈஸ்டருக்கு, முந்தின சனிக்கிழமை, நல்ல வெயில். ராத்திரிப் பூசையில் புதுத்தீ மூட்ட விறகு அடுக்கவென்று இவர் கோட்டுச்சேரிக் கோயிலுக்குப் போயிருந்தார். பாப்பா தூளியில் தூங்கினாள். வாசல், கொல்லை இரண்டு கதவுக்கும் உள்தாழ்ப்பாள் போட்டேன், போட்டேனா என்று திரும்ப வந்து இழுத்தும் பார்த்தேன், பிறகுதான் உள்படி ஏறி மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். இறங்கி வந்தால் தூளி ஆடுகிறது. பாப்பா விழித்துச் சிரிக்கிறாள், கையில் குருத்தோலைச் சிலுவை. பச்சை ஓலை. நறுக்கிய இடத்தில் ஈரம். ஒரு கை குட்டை. நீல நூல்.

பிடுங்கினேன். நூலை விழுங்கியிருந்தால்? உள்ளே வந்தது யார்? கட்டிலடி, குளியலறை, பீரோ மறைவு எல்லாம் பார்த்தேன். தாழ்ப்பாள்கள் போட்டபடியே இருந்தன. ஆனாலும் சந்தேகம் அண்ணி மேல்தான் போனது. இவருடைய அக்கா, வீட்டுக்காரர் பிரான்சில், அவர் பக்கத்து வீட்டில். எங்கள் சாவி ஒன்று அவரிடம் உண்டு. பிள்ளைக்குக் கண்பட்டிருக்கிறது, எதையாவது மந்திரித்துத் தூளியில் கட்டு என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "வீட்டுக்குள்ள வந்தீங்களா அண்ணி?"

"ஏண்டி, உள்தாழ்ப்பா போட்ட கதவ நான் என்ன பல்லால தொறந்தனா?" ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "இவ்ளோ கோணலா இந்தத் தெருவுல உன்ன விட்டா யாரு மடிப்பா?"

"சாவியக் குடுத்துடுங்க."

அண்ணியின் சிரிப்பு நின்றது. சாவியை எடுத்துவந்து பாப்பாவின் கையில் வைத்தார், என் கையில் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் படி ஏறவில்லை.

"சத்தியமா கோயில்ல குடுத்துட்டேம்மா, நீயே புதுசா மடிச்சிட்டு மறந்திருப்ப" என்றார் இவர். இருக்கலாம், நான் மறப்பவள்தான். ஆனால் நம்பினால் நம்புங்கள், அந்த நீலத் துப்பட்டாவைப் பாப்பா பிறந்ததுமே மூத்திரத் துணிக்குக் கிழித்து, நைந்ததும் தூக்கிப் போட்டாயிற்று. நூலுக்கு எங்கே போவேன்?

அந்த ஓலையும் மற்ற ஓலைகள் போலக் காய்ந்தது. இந்த வருஷம் யாரையும் நம்பாமல் நானே கோயிலுக்குக் கொண்டுபோனேன். நூல் சுருண்டு கருகும்வரை நின்று பார்த்தேன்.

இன்று மறுபடி அதே சனிக்கிழமை. பாப்பா நடக்கிறாள், தூளியை அவிழ்த்துவிட்டோம், பாயில் தூங்குகிறாள். துணி மாடியில் கிடக்கிறது. போய்விட்டு வரும்போது அவள் கையில் ஏதாவது இருக்குமோ என்று பயம். எதுவும் இல்லாவிட்டால், அன்றைக்கு வந்தது யாரோ ஓர் ஆள்தான் என்றாகிவிடுமே, அது அதைவிடப் பயம்.

வெயில் இறங்கிவிட்டது. துணி இன்னும் கொடியில்தான்.