நான் குணமாக்கிய கண்ணாடி அரசன்

சாகும்வரை சுகம் காணாத ஒரு பிரெஞ்சு அரசனை நான் ஒரே மூச்சில் குணமாக்கிவிட்டேன். பொய் சொன்னேன்! அதுவும் அவன் கல்லறைக்கு முன்னால் நின்று, என் கூடப்பிறந்த தம்பியிடம்.

தம்பி 2009 முடிவில், இலங்கைப் போரிலிருந்து தப்பி என்னிடம் வந்து சேர்ந்தான். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலைசெய்த புடவைக் கடைக்கு அவனை அழைத்து வருவதே பெரும்பாடு. யாராவது உடம்பில் முட்டிவிடுவார்களோ என்று சுவரோடு ஒட்டி நடப்பான். வைத்தியரிடம் போகலாம் என்றால், தனக்கு விசர், பைத்தியம் என்று சனம் கதைக்கும் என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை சென் தெனி தேவாலயத்துக்கு இழுத்துப் போனேன். பிரான்சின் அரசர்களைப் புதைத்த இடம். முன்பு நான் படித்த பிரெஞ்சு வகுப்பு ஆசிரியை எங்களை அங்கே கூட்டிப்போய்ச் சொன்ன கதை நினைவில் இருந்தது. புத்தி கலங்கிய நேரத்தில் தன் வீரர்களையே வாளால் வெட்டிய அரசன் ஒருவன். பிறகு தன் உடம்பு கண்ணாடி என்று நம்பத் தொடங்கினானாம்! யாராவது தொட்டால் நொறுங்கிவிடுவேன் என்று உடுப்புக்குள் இரும்புக் கம்பி வைத்துத் தைத்துக்கொண்டானாம்.

அதைத் தம்பிக்கு நான் சும்மா சொல்லவில்லை, நடித்தே காட்டினேன். கைகளை விறைப்பாக வைத்துக்கொண்டு, கல்லறைகளுக்கு நடுவே அடிமேல் அடிவைத்து... காவலாளி முறைத்தார். தம்பி சிரித்தான்! பாரிசுக்கு வந்தபின் அவன் சிரித்த முதல் சிரிப்பு, கண்ணில் நீர் வரும்வரை. ஐயோ, அந்தச் சந்தோசத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்!

"பிறகு ராசாவுக்குச் சுகம் வந்ததோ, அக்கா?" என்று கேட்டான்.

"ஓம். வைத்தியரிட்டைக் காட்டினவர். முழுச் சுகம். பிறகு நல்லா ஆண்டவர்."

உண்மை என்ன தெரியுமா? தெளிவதும் கலங்குவதுமாகவே அவன் காலம் முடிந்தது. அவன் கலங்கிய நேரமெல்லாம் உறவினர்கள் அதிகாரத்துக்கு அடித்துக்கொண்டு நாட்டையே இரண்டாக்கினார்கள். ஆசிரியை அதையும் சொல்லித்தான் இருந்தார்.

அடுத்த கிழமையே தம்பி வைத்தியரிடம் வரச் சம்மதித்தான். இன்று அவன் ரூ காய் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையற்காரன். மனைவி, பத்து வயது மகள், வீட்டில் ஓயாத பாட்டும் பகிடியும். மாத்திரையை விழுங்கும்போதெல்லாம் "ராசாவே எழும்பினவர்" என்பான். இடையில் பழைய வருத்தம் திரும்பி வந்தபோதும், அதைச் சொல்லித்தான் எழுந்தான். எத்தனை முறை உண்மை என் நாக்கு நுனிவரை வந்திருக்கிறது! அவன் முகத்தைப் பார்ப்பேன், விழுங்கிவிடுவேன். அது பாசமா, கோழைத்தனமா... எனக்கே தெரியவில்லை.

போன மாதம் தம்பியின் மகளைப் பள்ளிக்கூடத்தில் சென் தெனிக்கு அழைத்துப் போனார்கள். அன்று மாலை அவள் என் காதருகே வந்து, அந்த அரசனுக்குக் கடைசிவரை சுகம் வரவில்லையாமே என்று பிரெஞ்சில் கிசுகிசுத்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

குசினியில் சமைத்துக்கொண்டே தம்பி கேட்டான்: "எங்கடை ராசாவைப் பற்றி ரீச்சர் என்ன சொன்னவ?"

எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்பவள், அன்று தமிழில் சொன்னாள்.

"சுகமா இருந்தவராம், அப்பா."

தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் பொய்யில் பாதியை ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டேன்... ஆனாலும் என் பாரம் கொஞ்சமும் குறையவில்லை.