துண்டு கட்டிய வாய்கள்

துறைமுகத்தில் எனக்குக் கை காட்டுகிற வேலை. கப்பலின் மேல்தட்டில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பேன். அடியில் ஆட்கள் மூட்டைகளை வலையில் ஏற்றிவிட்டு விலகியதும் கையை உயர்த்துவேன். வின்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவர் வலையைத் தூக்குவார். அந்த இரைச்சலில் அவருக்குப் பேச்சு கேட்காது. கைதான்.

ஒருநாள் "தூக்கு" என்று காதருகே கேட்டது. கையை உயர்த்தினேன். கீழே ஆட்கள் விலகியிருக்கவில்லை. மூட்டை சரிந்து ஒருவனுக்குக் கால் முறிந்தது. யாருமே தூக்கச் சொல்லவில்லை என்றார்கள். எனக்குக் கேட்டது.

அதற்கு முன் ஒரு மாதம் தூக்கமில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நடந்துபோய்த் திரும்புவேன். களைப்பே தெரியாது. அவனுக்குக் கால் முறிந்த பிறகு என்னால் பாயை விட்டு எழ முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மனசு ஏறி இறங்குவது ஒரு நோவு, இல்லாத குரல் கேட்பது ஒரு நோவு, உனக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். இங்கிலீஷில் பேர் சொன்னார். வாயில் நுழையவில்லை. இதில் எது நோவு, எது நான் என்று கேட்க நினைத்தேன்.

மாத்திரையோடு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி ஒரு வழி சொன்னாள்.

"யார் பேசுனாலும் வாயப் பாருய்யா. அசைஞ்சா பதில் சொல்லு. அசையலன்னா வுட்டுடு."

பழகினோம். அவள் மீன் ஆய்ந்துகொண்டே பேசுவாள், நான் வாயைப் பார்ப்பேன். பிறகு டீக்கடைக்குத் தனியாக அனுப்பினாள்.

"இன்னாபா, என் மூஞ்சில படமா ஓடுது?" என்றான் டீக்காரன்.

வாய் அசைந்தது. "இல்ல" என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியவில்லை.

மேஸ்திரியைப் போய்ப் பார்த்தேன்.

"கை காட்ற வேலை இனி கெடையாது. கீழ எறங்கு. ஒரு நாளு கீழ கீறவங்க உன்ன பாக்கட்டும். அவங்க வேணாம்னா வூட்டுக்குப் போய்க்கினே இரு."

கீழே எட்டுப் பேர். கால் முறிந்தவனும் இருந்தான். விந்தி விந்தி நடந்தான்.

அன்று சரக்கு கந்தகத் தூள். மண்வெட்டியால் அள்ளி இரும்புத் தொட்டியில் நிரப்ப வேண்டும். இறங்கியதும் எல்லோரும் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டு கட்டினார்கள். எப்போதும் செய்வதுதான். நானும் கட்டினேன். என் மனைவிக்கும் எனக்கும் இது தோன்றவே இல்லை. ஒரு வாயும் தெரியவில்லை.

"நகரு" என்று கேட்டது. மறுபடியும் கேட்டது. பழகியபடி விட்டுவிட்டேன். யாரோ ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் நின்ற இடத்தில் காலித் தொட்டி வந்து இறங்கியது.

"செவுடாடா நீ? தொண்ட கிழிய கத்திகினு கீறேன்!" இழுத்தவன், கால் முறிந்தவன்தான்.

"இவன் வேணாம் நைனா," என்றான் இன்னொருவன். "போன தபா உன் காலு. இந்த தபா இவன் தலையே போயிருக்கும்."

எனக்கு விளங்கவில்லை. கேட்டதைச் செய்தேன், கால் போயிற்று. கேட்டதை விட்டேன், தலை போக இருந்தது. கால் முறிந்தவனிடமே சொன்னேன்.

"துண்டு கட்னா, பேசறது நீயா அதுவான்னு தெர்ல."

"எதுடா?"

"அன்னிக்கு தூக்குன்னு சொல்லுச்சே, அது."

மண்வெட்டியைத் தரையில் ஊன்றினான்.

"இன்னும் பேசுதா?"

"பேசுது."

"அதுக்கு மூஞ்சி கீதா?"

"இல்ல."

துண்டைத் தாடைக்கு இறக்கினான். "இத்தப் பாரு. நகரு." கந்தகம் தொண்டையில் ஏறி இருமினான்.

சாயந்திரம் வரை எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஒவ்வொருவனும் துண்டை இறக்கினான். சொன்னான், இருமினான், திட்டினான்.

"உன்னாண்ட பேசியே மார் வெந்துடும் போல கீது மாமு."

வேலை முடிகிற நேரம் மேஸ்திரி மேலிருந்து எட்டிப் பார்த்தார். கால் முறிந்தவன் என்னைக் காட்டி, உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாக அமர்த்தினான். இருக்கட்டும் என்று அர்த்தம். ஏன் அப்படிச் செய்தான் என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

ஏணியில் ஏறும்போது பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினேன். எட்டுத் துண்டும் மூக்கின் மேலேயே இருந்தன.

மேலே ஏறினேன்.