சுகமாக இருந்த நாளில் போகாத கிளினிக்

ஆஸ்துமா கிளினிக் டாக்டர்மாரே, என் மனைவி மூச்சடைத்துக் கிடந்ததற்கு நீங்களும் ஒரு காரணம். பெரிய காரணம் நான்தான். அதை மறைக்கவில்லை.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே இருக்கிறது. யுத்த காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் தோணியில் கடந்து, சோதனைச்சாவடியையும் தாண்ட வேண்டும். உயிர் போகிற நிலை வந்தால்தான் போவோம். யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

கிளினிக் கொப்பியில் மனைவிக்குப் போட்டிருந்த திகதி, அறுவடைக்கு முந்திய வாரம் வந்தது. மூச்சுக்கு இழுக்கிற பம்ப் மருந்தும் முடியப்போகிறது, போய் வருவோமா என்று கேட்டாள்.

"நல்லாத்தானே இருக்காய்? மூச்சு முட்டு வந்தாப் பாப்பம். வயலுக்க வேலை கிடக்கு" என்றேன்.

நெல் தூற்றிய அன்று பதர்த் தூசியில் அவளுக்கு முட்டு வந்தது. பம்பை அழுத்தினால் வெறும் காற்று. உதடு நீலமாகிவிட்டது. உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பிழைத்துவிட்டாள். கொப்பியைப் பார்த்த நேர்ஸ், "சுகமா இருக்கக்குள்ளதான் கிளினிக்குக்கு வரணும் அண்ணன். முட்டோட வந்தா வாட்டுலதான் படுக்கணும்" என்றார்.

"இத முதலே ஒருத்தரும் சொல்லல்லியே" என்று கத்தினேன்.

மனைவி ஒட்சிசன் முகமூடியை விலக்கி, "சொல்லியிருந்தா மட்டும் போக விட்டிருப்பீங்களாக்கும்" என்றாள்.

இப்போது விதைப்புக்கு முன்பும் அறுவடைக்கு முன்பும் நானே திகதி கேட்டு வாங்கி அவளைக் கூட்டிப் போகிறேன்.

டாக்டர்மாரே, திகதி எழுதிய கையோடு, சுகமான நாளில் ஏன் வரவேண்டும் என்று ஏன் சொல்லவில்லை? என் பிழையை ஊரறிய எழுதிவிட்டேன். நீங்களும் இதே பத்திரிகைப் பக்கத்தில் பதில் எழுதுங்கள்.