மூக்குக்கு இடம் விட்ட டம்ளர்

ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்புக்கு ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு போவேன். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பொருள் வடிவமைப்பு சொல்லித்தருகிறேன். வெளிநாட்டு நாற்காலிப் படங்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் முன்னால் டம்ளரை டொக்கென்று வைத்து, "இதைவிட நல்ல டிசைன் காட்டுங்க, வேலையை விட்டுடறேன்" என்பேன். வெளிப்பக்கம் மடிந்த அந்த விளிம்புதான் என் பாடம். அண்ணாந்து, உதடு படாமல், ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றினாலும் தண்ணீர் சிதறாமல் நேராக வாய்க்குள் இறங்கும். நானே குடித்துக் காட்டுவேன். கைதட்டுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான்.

அது அப்பாவின் டம்ளர், திருவிடைமருதூர் வீட்டிலிருந்து நான் சுட்டது. வீட்டில் அதே மாதிரி இன்னும் ஐந்து உண்டு. அப்பா பாசன வாய்க்கால்களின் மதகுகளைத் திறந்து அடைக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பாத்திரத்திலும் அவர் உதடு பட்டு நான் பார்த்ததில்லை. எச்சில் என்றால் அவருக்கு அப்படி ஒரு கூச்சம்.

போன வருஷம் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. கை தேறிவிட்டது, பேச்சும் தேறிவிட்டது. தப்பித்தோம் என்றுதான் நினைத்தோம். தண்ணீர் குடிக்கும்போது மட்டும் அடிக்கடி புரையேறியது.

புரையேறினால் எங்கள் வீட்டில் யாரும் பயப்படுவதில்லை. அம்மா உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டி, "சின்னவன்தான் நெனைக்கிறான், இன்னிக்கு போன் வரும் பாருங்க" என்பாள். தம்பி துபாயில் இருக்கிறான். "டேய், கொஞ்சம் கம்மியா நெனைடா, அப்பாவைத் தண்ணி குடிக்க விட மாட்டேங்கிறே" என்று போனில் அவனை நானே கிண்டல் செய்தேன். நாலு மாதம் இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு காய்ச்சல் வந்தது. மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே டாக்டர் கேட்டார்.

"தண்ணி குடிச்சா இருமறாரா?"

"புரையேறும் டாக்டர்."

"எவ்வளவு நாளா?"

"நாலு மாசமா."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "நாலு மாசமாத் தண்ணி நுரையீரலுக்குப் போயிருக்கும்மா. ஏன் சொல்லலை? இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்க மாட்டாரு."

என்னவென்று பதில் சொல்வது? தலையில் தட்டிக்கொண்டிருந்தோம் என்றா?

விழுங்கப் பயிற்சி கொடுக்கும் பெண் மறுநாள் வந்தார். அவர் சொன்ன முதல் வார்த்தையே, "அண்ணாந்து குடிக்கவே கூடாது" என்பதுதான். பக்கவாதத்துக்குப் பிறகு, விழுங்கும்போது தொண்டையில் மூச்சுக்குழாயின் வாய் மெதுவாகத்தான் மூடுமாம். தாடையைத் தாழ்த்தி, உதடு வைத்து, ஒவ்வொரு மடக்காகக் குடிக்க வேண்டும். ஸ்ட்ராவும் ஆகாது.

எந்த விளிம்பை வருஷக்கணக்கில் புகழ்ந்தேனோ அந்த விளிம்பு வழியாகத்தான் அப்பாவின் நெஞ்சுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. டம்ளர் மேல் குற்றமில்லை. அது பழைய தொண்டைக்குச் செய்த டம்ளர். தொண்டை மாறியதை, வடிவமைப்பு சொல்லித்தரும் இந்த மேதாவி கவனிக்கவில்லை.

அப்பாவுக்கு விஷயம் உடனே புரிந்தது. "மதகு ஷட்டர் எறங்கறதுக்குள்ள தண்ணி பாஞ்சுடுது, அதானே?" என்றார். ஆனால் உதடு வைக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. ஸ்பூனை நீட்டினால், "நான் என்ன கொழந்தையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் டிரிப்ஸில்தான் ஓடியது.

"எச்சிலாம் எச்சில்! உசுரை விடவாப்பா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

அவர் ஏதோ தப்பு செய்பவர் போல, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த டம்ளரை உதட்டில் வைத்தார். பாதி வரை சரியாகத்தான் இறங்கியது. அதற்கு மேல் விளிம்பு மூக்கில் இடித்தது. மிச்சத்தைக் குடிக்கத் தலை தானாக மேலே போனது. இருமல் பிடித்துக்கொண்டது. அம்மாவின் கை பழக்கத்தில் அவர் உச்சந்தலைக்குப் போனது. நான் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடைஞ்சல் மூக்குதான்!

அன்றே வகுப்பு டம்ளரை எடுத்துக்கொண்டு கும்பகோணத்தில் ஒரு பாத்திரப் பட்டறைக்குப் போனேன். விளிம்பில் ஒரு பக்கம், மூக்கு நுழைகிற அளவுக்குப் பிறை மாதிரி வெட்டச் சொன்னேன்.

"நல்ல டம்ளரை ஏம்மா கெடுக்கறீங்க?" என்றார் பட்டறைக்காரர்.

"கெடுக்கலைங்க, வெட்டுங்க."

சக்கரம் விளிம்பில் பட்டபோது எனக்குப் பல் கூசியது. ஓரத்தை மழமழவென்று தேய்த்துக் கொடுத்தார்.

பயிற்சிப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சரி என்றார். அப்பா விரலால் வெட்டைத் தடவி, "இது எதுக்கு?" என்றார்.

"உங்க மூக்குக்குப்பா. இது உங்களுக்கு மட்டும்தான், வேற யாரும் தொட மாட்டோம்."

தாடையைத் தாழ்த்தி உதடு வைத்தார். ஒரு மடக்கு. இன்னொன்று. டம்ளர் சாய்ந்தது, தலை சாயவில்லை. அம்மா தட்டுவதற்குக் கையைத் தூக்கி வைத்திருந்தாள். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, இன்னிக்கு என்னை யாருமே நெனைக்கலையா?"