பச்சியப்பன் பை மாற்றிய வருஷம்

பந்தியில் உட்காரும்போது பச்சியப்பன் கேமரா பையின் வாரை இடது காலில் சுற்றிக்கொள்வார். இலை போடும் முன் ஒரு சுற்று, சாம்பார் வந்ததும் இன்னொரு சுற்று. ஐஸ்வர்யாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா இப்படித்தான் சாப்பிட்டார். பாலக்கோட்டு மண்டபங்களில் பரிமாறுகிறவர்களுக்கும் இது பழகிப்போயிருந்தது. "போட்டோக்காரர் எந்திரிக்கறாரு, கொஞ்சம் இருங்க, கட்டு அவுக்கட்டும்" என்று சிரிப்பார்கள்.

அவர் சிரிக்க மாட்டார். பிலிம் ரோல் காலத்தில், சித்தேரி மலையில் ஒரு கல்யாணத்தை எடுத்துவிட்டுப் பஸ்ஸில் வந்தவர், மேலே கம்பியில் பையை வைத்துவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டார். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் விழித்தபோது பை இல்லை. ஆறு ரோல் அதோடு போனது. பெண்ணின் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்தார். சத்தம் போடவில்லை. "கேமரா போனா வேற வாங்கிக்குவீங்க. எம் பொண்ணு தாலி கட்டுனதை நான் எங்க போயி வாங்கறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து பச்சியப்பனுக்கு உலகத்தில் இரண்டே வகை ஆட்கள். பையை எடுத்தவர்கள், இனிமேல் எடுக்கப்போகிறவர்கள்.

அதன் பிறகு கேமரா பை மாதிரித் தெரிகிற எதையும் அவர் தோளில் மாட்டியதில்லை. விதைக் கம்பெனிக்காரர்கள் தக்காளிக்காரர்களுக்குச் சும்மா கொடுக்கும் ரெக்சின் பை ஒன்றை வைத்திருந்தார். பாலக்கோடு மார்க்கெட்டில் பாதிப் பேர் தோளில் அதே பை தொங்கும். முன்புறம் சிவப்பாக ஒரு தக்காளிப் படம். "இதுக்குள்ள லென்ஸ் இருக்குன்னு எவனுக்குத் தோணும்?" என்பார். தேய்ந்த ரப்பர் செருப்புகளை அறுத்து உள்ளே அவரே தடுப்புகள் செய்திருந்தார்.

ஐஸ்வர்யா பி.காம். முடித்த வருஷம் அந்தத் தடுப்புகள் பொடிந்து உதிர ஆரம்பித்தன. லென்ஸ் கண்ணாடியில் கறுப்புத் தூள். வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள். வேலைக்கு எழுதிய பரீட்சைகளின் முடிவு வரும்வரை கடையில் உட்கார்ந்து ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் போனில் பைகளைக் காட்டினாள். ஒன்றில் கம்பெனி பெயர் பெரிதாக இருந்தது. "இது திருடனை வா வான்னு கூப்பிடற மாதிரி இருக்கு." இன்னொன்றுக்கு ஒற்றை வார். "பிளேடு போட்டா முடிஞ்சுது." ஒன்பதாவது பை முதுகில் ஒட்டுகிற பக்கம் ஜிப் வைத்தது.

"பின்னாடி நிக்கறவன் தொறக்க முடியாதா?"

"முடியாதுப்பா. பையைக் கழட்டினாத்தான் தொறக்கும்."

"அப்ப இதைப் போடு."

பை வருவதற்கு முந்தின நாள் கருப்பண்ணன் வீட்டுக் கல்யாணம். கருப்பண்ணன் ஏரிக்கரைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர், ஊரில் அவர் பேச்சை நாலு பேர் கேட்பார்கள். பச்சியப்பனோடு குருவும் போனான். மாரண்டஅள்ளிப் பையன், ஆறு வருஷமாக அவரிடம் இரண்டாவது கேமராவில் நிற்கிறவன். விடியற்காலையில் மண்டபத்தில் காபி குடிக்கும்போது, "அண்ணா, தைக்கு மேல எங்கூர்ல தனியா கடை போடலாம்னு இருக்கேன்" என்றான். "நல்லதுப்பா" என்றார் பச்சியப்பன். அதற்கப்புறம் அவன் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை புதுப் பை வந்தது. ஐஸ்வர்யா கட்டிலில் விரித்து வைத்து யோசித்து யோசித்து அடுக்கினாள். நடுவில் கேமரா, லென்ஸ் கீழே பார்க்க. இடது ஓரம் நீள லென்ஸ் நின்ற வாக்கில். வலது பக்கம் இரண்டு பிளாஷ். சார்ஜ் ஏற்றிய பேட்டரிக்கு ரப்பர் பேண்டு, தீர்ந்ததற்கு இல்லை. மெமரி கார்டுக்கு மட்டும் அப்பா அவளை விடவில்லை. படம் நிறைந்த கார்டை ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒவ்வொரு இடத்தில் ஒளிப்பது அவர் பழக்கம். ஒரு தடவை சாக்ஸ், ஒரு தடவை கண்ணாடிக் கூடு. "அது எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும் பாப்பா."

ஆவணி மாதம், அடுத்தடுத்து இன்னும் இரண்டு முகூர்த்தம். நாலாம் நாள்தான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். கருப்பண்ணன் வீட்டு வரவேற்பு எடுத்த மெமரி கார்டு இருந்தது. முகூர்த்தம் எடுத்தது இல்லை. சாக்ஸ், கூடு, மழை உறை எல்லாம் பார்த்தாகிவிட்டது. பழைய தக்காளிப் பையை உள் வெளியாகத் திருப்பினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "குருவைக் கூப்பிடு" என்றார்.

குரு வந்தான். விஷயம் புரிந்ததும் தன் பையை மேஜை மேல் கொட்டினான்.

"பாத்துக்கங்கண்ணா."

"எடுத்தவன் அதைப் பையிலயே வெச்சுகிட்டு வருவானா?"

"நான் ஏண்ணா எடுக்கப்போறேன்?"

"தனிக் கடை போடறவன் நீ. என் பேரு கெட்டா யாருக்கு ஆதாயம்?"

அப்போது ஐஸ்வர்யா வாய் திறந்தாள். அவளும் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். "முகூர்த்தம் முடிஞ்சதும் குரு நம்ம பையில கை விட்டு பேட்டரி எடுத்தாருப்பா." அது நடந்ததுதான். எப்போதும் நடப்பதுதான். ஆனால் அந்த நேரத்தில் சொன்னபோது அது வேறு மாதிரி ஆகிவிட்டது. குரு அவளைப் பார்த்தான். தன் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலமே, தான் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்கில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். தாலி கட்டுவது பக்கவாட்டில், சுத்தமாக விழுந்திருந்தது. அதைப் பார்த்துப் பச்சியப்பன் சொன்னார்: "பாத்தியா, எல்லாத்தையும் எடுத்து வெச்சிருக்கான். நம்ம கார்டு இருக்காதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கு." ஐஸ்வர்யா தலையாட்டினாள். பிறகு பல நாள் யோசித்தும் எதற்காகத் தலையாட்டினோம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கருப்பண்ணனிடம், கூட வந்த பையன் கார்டை அமுக்கிவிட்டான் என்று சொல்லப்பட்டது. பஸ் ஸ்டாண்டு டீக்கடைவரை செய்தி போயிற்று. குருவிடம் தேதி கொடுத்திருந்த மூன்று வீட்டுக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

ஆயுத பூஜை வந்தது. கேமரா, லென்ஸ், புதுப் பை எல்லாவற்றையும் வாழை இலையில் வைத்து ஐஸ்வர்யாவின் அம்மா மாதம்மாள் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். பச்சியப்பன் பையின் முன் அறையில் எதையோ தேடினார்.

"என்னாங்க தேடறீங்க?"

"விபூதிப் பொட்டலம். பழைய பையில கோயில் கோயிலா வாங்குனது கெடந்துச்சே."

"அது மாசக்கணக்கா மக்கிக் கெடந்துச்சு. புதுப் பை வந்த அன்னிக்கே எடுத்துட்டேன். சாமி பொருளைக் குப்பையிலயா போட முடியும்? கால் படாத எடமா பாத்து மாரியம்மன் கோயில் வேம்படியில வெச்சிட்டு வந்தேன்."

பச்சியப்பன் அப்படியே நின்றார். கையிலிருந்த பொட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். செருப்பு கூடப் போடாமல் வெளியே நடந்தார். ஐஸ்வர்யா பின்னால் ஓடினாள். என்ன என்று கேட்டதற்குப் பாதி வழியில்தான் பதில் வந்தது. "அன்னிக்கு மண்டபத்துல குரு பாத்துகிட்டே நின்னான். சாமி பொட்டலத்துல எவனும் கை வைக்க மாட்டான்னு கார்டை அதுக்குள்ள சொருகினேன். அடுத்த ரெண்டு கல்யாணத்துல மறந்தே போச்சு."

வேம்படியில் வாடிய எலுமிச்சை, சாயம் போன கயிறுகள், கண்ணாடி உடைந்த சாமி படங்கள். அப்பா மண்டி போட்டுக் கிளறினார். காகிதங்கள் மழையில் கூழாகியிருந்தன. அஞ்சாவதோ ஆறாவதோ உருண்டையில் பிளாஸ்டிக் கூடு தட்டுப்பட்டது. விபூதிச் சேறு அப்பியிருந்தாலும் உள்ளே ஈரம் ஏறவில்லை.

கார்டு திறந்தது. அறுநூற்றுச் சொச்சம் படம். பலவற்றில் குரு இருந்தான், அப்பாவுக்காகப் பிளாஷை உயர்த்திப் பிடித்துக்கொண்டு.

இரண்டு நாள் கழித்துக் கருப்பண்ணன் கடைக்கு வந்தார். பெண் கழுத்தில் தாலி ஏறுவதைத் திரையில் நேர் எதிரிலிருந்து பார்த்ததும் அவர் முகம் இளகியது. "கெடைச்சிருச்சே, அதுவே போதும். அந்தப் பையன் பயந்து குடுத்துட்டானா?"

ஐஸ்வர்யா அப்பாவைப் பார்த்தாள். பச்சியப்பன் எழுந்து, "டீ சொல்லட்டுங்களா?" என்றார்.

கருப்பண்ணன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, எடுத்தவனே திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று.

"ஏம்பா சும்மா இருந்தீங்க?"

"என்னன்னு சொல்றது? விபூதிப் பொட்டலத்துல வெச்சு மறந்துட்டேன்னா? நாளைக்கு எவன் நம்பி எனக்குக் கல்யாணம் குடுப்பான்? கொஞ்ச நாள் போகட்டும், சொல்லிக்கலாம்."

ஐஸ்வர்யா குருவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். பேட்டரி விஷயத்தை அன்று தான் சொன்னது தப்பு என்றும் சொன்னாள். அவன் கடைசிவரை கேட்டான். "எங்கிட்டச் சொல்லி என்ன பண்ண? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். கருப்பண்ணன்கிட்டச் சொல்லச் சொல்லு உங்கப்பாவை" என்று போனை வைத்துவிட்டான். மாரண்டஅள்ளியில் கடை வரவில்லை. ஓசூரில் ஒருவரிடம் சம்பளத்துக்குச் சேர்ந்தான்.

தன்னால் சொல்ல முடியாதா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். கருப்பண்ணன் தோட்டம் இரண்டு கிலோமீட்டர். ஒரு நாள் ஸ்கூட்டியில் தோட்டத்து வாசல் கேட் வரை போனாள். நாய் குரைத்தது, திரும்பிவிட்டாள். நாய் கட்டித்தான் இருந்தது.

ஒன்றரை வருஷம் ஆயிற்று. போன மாதம் கருப்பண்ணன் இளைய பெண்ணின் கல்யாணத்துக்குத் தேதி சொல்ல வந்தார். வெற்றிலை பாக்குத் தட்டை வைத்துவிட்டு, "இந்தத் தடவை ஆளுங்களைப் பாத்துக் கூட்டிட்டு வாங்க. அந்த மாதிரி ஆள் வேண்டாம்" என்றார்.

பச்சியப்பனின் கை தட்டின் மேலேயே இருந்தது. "அவன் இப்ப எங்கிட்ட இல்லீங்க" என்றார்.

ஆல்பம் திறந்திருந்த திரைக்கு முன்னால் ஐஸ்வர்யா உட்கார்ந்திருந்தாள். ஒரு வரி போதும். கருப்பண்ணன் செருப்பை மாட்டும்வரை நேரம் இருந்தது. அவர் மாட்டிக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பச்சியப்பன் காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிட்டார்.